லோரிக்கு எலெக்ட்ரிக் ஃபேன்: மாட்டும் முன் படித்துவிடுங்கள்

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அன்றிலிருந்து பிறையிலும் பட்டர்வொர்த்திலும் லோரிக்காரர்கள் கூடும் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது: "இன்ஜின் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுங்கள். டீசலும் மிச்சம், ஹீட்டும் ஏறாது."

இதில் பாதிதான் உண்மை. பிக்கப்பிலும் சின்ன லோரியிலும் இருக்கும் கிளட்ச் ஃபேன் எந்நேரமும் முழு வேகத்தில் சுற்றுவதில்லை. அதன் நடுவில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் மட்டுமே கிளட்ச் இறுகி ஃபேனை இழுக்கும். மற்ற நேரத்தில் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும். ஆகவே மிச்சமாகப் போகும் டீசல் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எலெக்ட்ரிக் ஃபேனுக்கும் கரண்ட் இலவசமாக வருவதில்லை. ஆல்டர்னேட்டர் தருகிறது, ஆல்டர்னேட்டரை இன்ஜின்தான் பெல்ட் வழியாகச் சுற்றுகிறது. ஃபேன் ஓடாத நேரத்தில்தான் உங்களுக்கு லாபம்.

பினாங்கு பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே போதும். ஜெலுத்தோங் ஜாமில் ஊரும்போதும், லிட்டில் இந்தியாவில் ஏர்கோன் போட்டபடி சரக்கு இறக்கும்போதும் காற்று முழுவதும் ஃபேனிடமிருந்துதான் வர வேண்டும். உங்கள் ஃபேனை அந்த நேரத்தை வைத்து எடை போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கிளட்ச் ஃபேன் கெடுவதற்கு முன் ஆட்டம் காட்டும், சத்தம் போடும், எண்ணெய் கசியும். எலெக்ட்ரிக் ஃபேன் சத்தமில்லாமல் நின்றுவிடும். மீட்டர் சிவப்புக்குப் போன பிறகுதான் உங்களுக்கே தெரியும். கீழே இருக்கும் பட்டியலில் பல குறிப்புகள் அந்த ஒரு ஆபத்தைத் தடுக்கத்தான்.

யாருக்குச் சரிவரும்? ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன் மாதிரி பிக்கப்புக்கும் சின்ன லோரிக்கும் ஒழுங்காகச் செய்தால் சரிவரும். கேன்டர், இசுசு என்பிஆர் மாதிரி 3 டன் லோரிக்குக் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். 10 சக்கர லோரிக்கும் ட்ரெயிலருக்கும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

முடிவெடுக்கும் முன்

1. எப்போது ஹீட் ஏறுகிறது என்று முதலில் கவனியுங்கள். ஜாமில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்றுதான் போதவில்லை, ஃபேனைப் பார்க்கலாம். ஈப்போவுக்குப் பக்கத்தில் மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் வேகமாகப் போகும்போதே ஏறினால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று வேறு இடத்தில் கோளாறு. அதற்கு எந்த ஃபேனும் மருந்தில்லை.

2. பழைய கிளட்ச் ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். சூடான இன்ஜினில் ஃபேன் கைக்குக் கனமாக இருக்க வேண்டும். தட்டிவிட்டால் மூன்று நான்கு சுற்று இலகுவாக ஓடினாலோ, நடுவில் கறுப்புப் பிசுபிசுப்பு தெரிந்தாலோ கிளட்ச் போய்விட்டது. புதுக் கிளட்ச் ஒன்று மாட்டினாலே உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடலாம்.

3. ரேடியேட்டரையும் ஏர்கோன் கண்டென்சரையும் கழுவுங்கள். இரண்டுக்கும் நடுவில் பூச்சியும் தூசியும் மெத்தை மாதிரி படிந்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். ஜெட் பம்ப் அடித்தால் தகடுகள் மடங்கி இருந்த வழியும் அடைத்துவிடும்.

4. வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று உறுதி செய்யுங்கள். பிக்கப் 12 வோல்ட். 3 டன் லோரிகள் பெரும்பாலும் 24. இரண்டு பேட்டரி இருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். ஃபேன், ரிலே, சுவிட்ச் எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்தது.

5. ஆல்டர்னேட்டரின் ஆம்ப் கணக்கைப் போடுங்கள். பழைய 24 வோல்ட் லோரிகளில் 40, 50 ஆம்ப்தான் சாதாரணம். ஐடிலில் அதில் பாதிகூட வராமல் போகலாம். ராத்திரி மழையில் ஹெட்லைட், வைப்பர், ஏர்கோன் புளோவர் சேர்ந்து ஏறக்குறைய 20 ஆம்ப் எடுக்கும். அதற்கு மேல் ஃபேன் 15 ஆம்ப் கேட்டால் மிச்சத்தைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். ஜாம் நீண்டால் பேட்டரி இறங்கிவிடும்.

சாமான் வாங்கும்போது

6. ஆம்ப் பார்த்து ஃபேன் வாங்குங்கள். காற்றைத் தள்ள சக்தி வேண்டும், அது ஆம்பில் தெரிந்துவிடும். 3 லிட்டர் டர்போ டீசலுக்கு 12 வோல்ட்டில் 25 முதல் 35 ஆம்ப் எடுக்கும் ஃபேனோ, அதற்கு ஈடான இரட்டை ஃபேனோ தேவைப்படும். கடையிலேயே பேட்டரியில் கொடுத்து, கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

7. ரேடியேட்டர் முழுவதையும் மூடும் ஷ்ரௌடோடு சேர்த்து வாங்குங்கள். 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் ரேடியேட்டரின் பரப்பு 2,700 சதுர சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டர் வட்ட ஃபேன் மூடுவது 1,257 மட்டும். ஷ்ரௌட் இல்லாவிட்டால் பாதிக்கு மேல் ரேடியேட்டர் சும்மா நிற்கும். ஃபேன் இறக்கைக்கும் ரேடியேட்டருக்கும் 2, 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால்தான் காற்று மூலைகளிலிருந்தும் வரும்.

8. 24 வோல்ட் ஃபேனை பஸ் ஏர்கோன் கடையில் தேடுங்கள். எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் கூரையில் இருக்கும் கண்டென்சர் ஃபேன்கள் 24 வோல்ட். நாள் முழுக்க வெயிலிலும் மழையிலும் ஓடும்படி செய்யப்பட்டவை. கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை 12 வோல்ட்.

பொருத்தும்போது

9. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சாருக்கும் ரிலேவுக்கும் கரண்ட் இருந்தால் ஃபேன் எந்த நொடியிலும் சுற்றத் தொடங்கும். கை உள்ளே இருக்கும்போது அது நடக்கக்கூடாது.

10. ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், காற்றை இழுக்கும்படி மாட்டுங்கள். முன்னால் மாட்டினால் ஓடும்போது வரும் எதிர்க்காற்றை ஃபேனே மறைக்கும். 3 டன் லோரியில் இன்ஜின் ஃபேனை அப்படியே வைத்துக்கொண்டு, ஏர்கோனுக்குத் துணையாகச் சின்ன ஃபேன் ஒன்றை முன்னால் மாட்டுவது வேறு விஷயம். பல லோரிகளுக்கு அதுவே போதும்.

11. ஃபேனின் எடையை இரும்புத் தாங்கியில் ஏற்றுங்கள். தாங்கியை ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டு, நடுவில் ரப்பர் வையுங்கள். டீசல் இன்ஜின் ஆட்டம் முழுவதும் அந்த ரப்பரில் அடங்க வேண்டும்.

12. வாட்டர் பம்ப் போல்ட்டின் நீளத்தைச் சரிபாருங்கள். கிளட்ச் ஃபேனைக் கழற்றியதும் அதே போல்ட்டைத் திருப்பிப் போட்டால், சில வண்டிகளில் அது பம்ப்பின் உடம்பில் இடிக்கும், அல்லது புல்லியை இறுக்காமலே நின்றுவிடும். அந்தப் புல்லிதான் வாட்டர் பம்ப்பைச் சுற்றுகிறது.

13. தாளை வைத்துக் காற்றின் திசையைப் பாருங்கள். ஃபேனை ஓடவிட்டு, முன்பக்க கிரில்லில் ஒரு தாளைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. பறந்து விழுந்தால் ஒயர் மாறியிருக்கிறது.

ஒயரிங்

14. 30 ஆம்ப் ஃபேனுக்கு 6 ஸ்குவேர் எம்எம் செம்பு ஒயர் போடுங்கள். சின்ன லோரிகளில் பேட்டரி சேசிஸ் ஓரத்தில் இருக்கும்; போக 4 மீட்டர், வர 4 மீட்டர். 2.5 எம்எம் ஒயரில் 30 ஆம்ப் போனால் வழியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும், 6 எம்எம்மில் 0.7 வோல்ட் மட்டும். ஃபேன் சோம்பேறியாகச் சுற்றினால் பாதி நேரம் இதுதான் காரணம்.

15. ஃபியூஸைப் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபேனை அல்ல, ஒயரை. ஃபியூஸுக்கு முந்திய ஒயர் சேசிஸில் உரசினால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. 30 ஆம்ப் ஓட்டத்துக்கு 40 ஆம்ப் ஃபியூஸ் சரி. தொடங்கும் நொடியில் மோட்டார் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும்.

16. தனி ரிலே போடுங்கள், தரமானதாக. 30-ஆம் பின்னுக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-க்கு ஃபேன், 85-க்கும் 86-க்கும் சாவிக் கரண்ட்டும் சென்சாரும். 30 ஆம்ப் ஓடும் ஃபேனுக்கு 40 ஆம்ப் ரிலே விளிம்பில் நிற்கும். 70 ஆம்ப் ரிலே நிம்மதி. தண்ணீர் தெறிக்காத இடத்தில், பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள்.

17. எர்த்தையும் அதே தடிப்பில் இழுங்கள். ஃபேனுக்குள் எவ்வளவு கரண்ட் போகிறதோ அவ்வளவும் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள்.

18. சென்சாரைத் தண்ணீர் தொடும் இடத்தில் வையுங்கள். மேல் ஹோஸை வெட்டி நடுவில் போடும் அலுமினியக் குழாய் கிடைக்கிறது. அதற்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுக்க மறக்காதீர்கள். இருபுறமும் ரப்பர் ஹோஸ். எர்த் வேறு வழியில் வராது. இந்த ஒரு ஒயர் இல்லாததால் புது ஃபேன் ஓடாமல், சென்சாரைக் குறை சொல்லி மூன்று சென்சார் மாற்றியவர்கள் உண்டு.

19. தெர்மோஸ்டாட்டின் எண்ணைப் படித்துவிட்டு ஃபேனின் சூட்டை அமையுங்கள். தெர்மோஸ்டாட்டிலேயே அடித்திருக்கும். 82 டிகிரி என்றால் மேல் ஹோஸ் சென்சாரில் 92 முதல் 95-க்குள் ஃபேன் ஓடட்டும், 87-ஐ ஒட்டி நிற்கட்டும். நிற்கும் எண்ணை 82-க்குக் கீழே வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது, ஏனென்றால் இன்ஜின் அந்தச் சூட்டுக்கு இறங்கவே இறங்காது.

20. ஏர்கோன் கம்ப்ரஸர் ஓடும்போது ஃபேனும் ஓடும்படி இணையுங்கள். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஃபேன் சும்மா இருந்தால், கண்டென்சரில் கேஸ் அழுத்தம் ஏறும். முதலில் குளிர் குறையும், பிறகு கம்ப்ரஸர் துண்டித்துத் துண்டித்து ஓடும், கடைசியில் ஹோஸ் வெடிக்கவும் கூடும்.

21. கேப் தூக்கும் லோரியில் ஒயருக்குத் தாராளமாக நீளம் விடுங்கள். கேப்பை முழுதாகத் தூக்கி, இறக்கி, ஒயர் எங்கே இழுபடுகிறது, எங்கே நசுங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

ஓட்டும்போது

22. டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் பஸரும் வையுங்கள். 100 டிகிரியைத் தாண்டினால் கத்த வேண்டும். மீட்டரை எந்நேரமும் பார்த்துக்கொண்டு யாரும் ஓட்டுவதில்லை.

23. வெள்ளத்துக்கென்று ஒரு நிறுத்தும் சுவிட்ச் வையுங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவும் பெருநிலமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. சுழலும் ஃபேன் தண்ணீரில் இறங்கினால் மோட்டார் திணறி ஃபியூஸ் போகும், இறக்கை வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கவும் செய்யும். சுவிட்ச் ஆஃபில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும்படி செய்துவிடுங்கள். மறந்தால் இன்ஜினுக்கு ஆபத்து.

24. காலி வண்டியிலும் சுமையோடும் சோதித்துப் பாருங்கள். முதலில் ஏர்கோன் போட்டு வெயிலில் 20 நிமிடம் ஐடில். ஏர்கோனை நிறுத்திய பிறகு ஃபேன் இரண்டு மூன்று முறை ஓடி நிற்க வேண்டும். அடுத்து, பிக்கப் என்றால் வழக்கமான சுமையோடு பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் ஏற்றம். இரண்டிலும் மீட்டர் அசையாவிட்டால்தான் நீண்ட டிரிப் ஒப்புக்கொள்ளுங்கள்.

25. ஒரு ரிலே, இரண்டு ஃபியூஸ், பழைய கிளட்ச் ஃபேன் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். முதல் இரண்டும் கேபினில், மூன்றாவது வீட்டில். நெடுஞ்சாலை அவசரத் தடத்தில் நடுராத்திரியில் நிற்கும்போது ஒரு ரிலேயின் அருமை தெரியும்.

செய்யக்கூடாதவை

முடிவெடுக்கும் முன்

1. ட்ரெயிலரிலும் 10 சக்கர லோரியிலும் இன்ஜின் ஃபேனைக் கழற்றாதீர்கள். பெரிய டீசலின் ஃபேன் முழு வேகத்தில் 30 குதிரைத்திறனுக்கு மேல்கூட இழுக்கும். 500 வாட் எலெக்ட்ரிக் ஃபேன் முக்கால் குதிரைத்திறன்கூட இல்லை. நான்கு ஃபேன் வரிசையாக மாட்டினாலும் கணக்கு உதைக்கும்.

2. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் கிளட்ச் ஃபேனைத் தொடாதீர்கள். புதிய காமன் ரெயில் லோரிகள் சிலவற்றில் ஃபேன் கிளட்சிலிருந்து இசியூவுக்கு ஒயர் போகும். பிடுங்கினால் இன்ஜின் விளக்கு எரியும், சிலது சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் அதுவும் கேள்விக்குறி.

3. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசாதீர்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று கழற்றித் தரும் போமன் (மெக்கானிக்) இன்னும் இருக்கிறார். டீசல் இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், லைனர் தேயும். ஃபேனின் சூட்டு அமைப்புக்கும் அர்த்தமில்லாமல் போகும்.

4. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஃபேனால் மூடி மறைக்காதீர்கள். மூடியைக் குளிர்ந்தபோது திறந்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி பொங்கினால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். ஃபேனுக்குச் செலவு செய்யும் பணத்தை அங்கே போடுங்கள்.

5. டீசல் மிச்சத்தை நம்பிக் கடன் வாங்கிச் செய்யாதீர்கள். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டியில்தான் ஃபேன் சும்மா இருக்கும், ஏதோ கொஞ்சம் மிஞ்சும். ஜோர்ஜ்டவுனுக்குள்ளேயே நாள் முழுக்க நின்று நின்று போகும் வண்டியில் எலெக்ட்ரிக் ஃபேன் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சாமான் வாங்கும்போது

6. பெட்டியில் அச்சடித்த சிஎஃப்எம் (காற்றளவு) எண்ணை நம்பாதீர்கள். அந்த எண் பெரும்பாலும் எதிரே எதுவும் இல்லாமல் அளந்தது. கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றையும் துளைத்து இழுக்கும்போது பாதியாகலாம். 16 இன்ச் என்று பெரிதாகவும் 80 வாட் என்று பொடியாகவும் போட்டிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். அது 7 ஆம்ப்கூட எடுக்காது.

7. ஹாஃப் கட் ஃபேனைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். பெரிய காரிலிருந்து வந்த ஜப்பான் ஃபேன் பல நேரம் புதுச் சீனப் பெட்டியைவிட உறுதி. ஆனால் தண்டை அசைத்துப் பாருங்கள், 10 நிமிடம் ஓடவிட்டு மோட்டார் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். கரகரத்தால் வேண்டாம்.

8. பழைய ரிலேவும் பழைய ஃபியூஸ் ஹோல்டரும் வாங்காதீர்கள். லோரோங் கூலிட் சந்தையில் பழைய சாமான் கிளறுவது சுகம்தான், ஆனால் ரிலே மட்டும் புதிதாக இருக்கட்டும். உள்ளே முனை கருகியிருப்பது வெளியே தெரியாது.

9. 24 வோல்ட் லோரியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். ஒரு பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறிப் பொங்கும். சில மாதத்தில் இரண்டையும் மாற்றுவீர்கள். 12 வோல்ட் ரிலேவை 24-ல் போடுவதும் இதே ரகம், காயில் கருகிவிடும்.

பொருத்தும்போது

10. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தம் இருக்கும்வரை உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸ் கையால் பிடிக்கிற அளவு ஆறும்வரை பொறுங்கள்.

11. ரேடியேட்டர் தகடுக்குள் பிளாஸ்டிக் டை கோர்த்து ஃபேனைக் கட்டாதீர்கள். 10 நிமிடத்தில் வேலை முடியும் என்பதால் இது பல கடைகளில் வழக்கம். ஆட்டத்தில் டை நாள் முழுக்கக் குழாயை அறுத்துக்கொண்டிருக்கும். முதலில் டையைச் சுற்றிப் பச்சைக் கறை ஒரு வட்டமாகத் தெரியும், அடுத்த வாரம் அதே இடத்தில் சொட்டும். அதற்குப் பிறகு ரேடியேட்டர் செலவு.

12. ஒயரை மாற்றி, இழுக்கும் ஃபேனைத் தள்ள வைக்காதீர்கள். இறக்கையின் வளைவு ஒரு திசைக்கென்றே செய்தது. எதிர்ப்பக்கம் சுற்றினால் சத்தம் வரும், காற்று வராது.

13. சென்சார் முனையை ரேடியேட்டர் தகடுக்குள் குத்தாதீர்கள். அது காற்றின் சூட்டைத்தான் படிக்கும், தண்ணீரின் சூட்டை அல்ல. தாமதமாக விழிக்கும், குழாயையும் பொத்துவிடும்.

14. ஃபேன் பெல்ட்டை எடுத்துவிடாதீர்கள். "ஃபேன்தான் இல்லையே, பெல்ட் எதற்கு" என்று கழற்றியவர்கள் உண்டு. அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது.

ஒயரிங்

15. ஃபேன் கரண்ட்டை டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராக ஓட்டாதீர்கள். 30 ஆம்ப்புக்கு அந்தச் சுவிட்ச் செய்யப்படவில்லை. முதலில் பிளாஸ்டிக் வாசனை, பிறகு சுவிட்ச் மென்மையாகி உள்ளே அமுங்கும், அடுத்தது புகை.

16. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றுவது அதைவிட மோசம். ஃபியூஸ் போனால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஒயர் உரசுகிறது. காரணத்தை விட்டுவிட்டு ஃபியூஸைத் தண்டிப்பவர்களின் லோரிதான் எரிகிறது.

17. ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் ஒட்டி முடிக்காதீர்கள். வெயிலில் டேப்பின் பசை உருகும், கடல்காற்றில் செம்பு பச்சை பூக்கும். தெலுக் பஹாங்கிலிருந்து மீன் ஏற்றும் வண்டிக்கு உப்புத்தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் மூடுங்கள்.

18. டர்போவுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் பக்கத்தில் ஒயர் விடாதீர்கள். ஏற்றம் ஏறி நின்றதும் அங்கே இருக்கும் சூட்டில் சாதாரண ஒயரின் தோல் உருகும். வளைகுழாய்க்குள் விட்டு, சேசிஸோடு ஒரு சாணுக்கு ஒரு கிளிப் போடுங்கள்.

19. சென்சார் கெட்டால் "டைரெக்ட்" கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அவசரத்துக்கு ஒரு நாள் சரி. சாவி போட்டதிலிருந்து நிற்காமல் ஓடினால் மோட்டாரின் கார்பன் தேய்ந்து ஒரு நாள் அதுவும் நிற்கும், உங்கள் டீசல் லாபமும் அதோடு போகும்.

ஓட்டும்போது

20. வெறும் பைப் தண்ணீரில் காலம் தள்ளாதீர்கள். கூலன்ட் குளிரூட்ட மட்டுமல்ல, துருவைத் தடுக்கவும்தான். துரு ரேடியேட்டர் குழாயை அடைத்தால், அடைத்த குழாய்க்கு எவ்வளவு காற்று கொடுத்தாலும் வீண். நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கட்டும், காற்று வெளியேறும்.

21. பழைய கூலன்ட்டைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும் விஷம் அது. தெருநாயும் பூனையும் நக்கிச் சாகும். வாளியில் பிடித்து, பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கேட்டுக் கொடுங்கள்.

22. ஹீட் ஏறிய இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் விரிசல் விடும். ஏர்கோனை நிறுத்தி, ஓரம் கட்டி, ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். ஓடி மீட்டர் இறங்கினால் ஐடிலில் விடுங்கள். ஓடவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு ரிலேவை மாற்றுங்கள்.

23. டிரைவருக்குச் சொல்லாமல் வண்டியை ஒப்படைக்காதீர்கள். ஃபியூஸ் எங்கே, வெள்ளச் சுவிட்ச் எது, பஸர் கத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டுங்கள். இன்ஜின் நின்ற பிறகும் சாவி போட்டிருந்தால் ஃபேன் சுற்றும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சத்தமில்லை என்று கைவிட்டால் விரல் போகும்.

24. புஸ்பாகோம் சோதனைத் தேதிக்கு முந்தைய நாள் இந்த வேலையில் இறங்காதீர்கள். வணிக வண்டிக்கு 6 மாதத்துக்கு ஒரு சோதனை உண்டு. தொங்கும் ஒயரோடும் ஒழுகும் ஹோஸோடும் போய் நிற்க வேண்டாம். செய்யப்போகும் மாற்றத்தைப் பற்றி அங்கேயும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிட்டு, ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகாதீர்கள். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, கிளட்ச் ஃபேனைச் சுற்றிப் பாருங்கள். டார்ச் அடித்துக் கண்டென்சருக்குப் பின்னால் என்ன அடைத்திருக்கிறது என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று போமனைக் கேளுங்கள். இந்த மூன்றிலேயே பலருடைய ஹீட் பிரச்சினை அடங்கிவிடும்.

அதற்குப் பிறகும் எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டும் என்றால் தாராளமாக மாட்டுங்கள். பணத்தைப் பிரிக்கும்போது மட்டும் ஃபேனுக்கு ஒரு பங்கு, ஷ்ரௌட், ஒயர், ரிலே, பஸருக்கு இன்னொரு பங்கு என்று பிரியுங்கள். இரண்டாவது பங்குக்குக் கையில் காசு இல்லை என்றால், இருக்கிற இன்ஜின் ஃபேனே உங்கள் லோரிக்கு நல்லது.